இடது சக்கரத்தின் உறுமல்

குளுவாங் சந்தையிலிருந்து பாலோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை விட்டு இரண்டொரு வாரம் ஆகியிருக்கும். சாலையோரச் செம்பனை மரங்களின் தூரில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு இன்னும் அழியவில்லை. என் மடியில் கீரைக்கட்டு, காலடியில் மீன் பை.

அந்த மீன் பைக்குக் கீழே, ஜீப்பின் தரைத் தகட்டுக்கும் கீழே, ஏதோ உறுமியது.

இன்ஜின் சத்தமாக இருந்தால் எண்ணெய்ப் பெடலை மிதிக்கும்போது ஏறும், காலை எடுத்தால் இறங்கும். இது அப்படியில்லை. வண்டி உருளும் வேகத்துக்கு ஏற்ப அதுவும் உருண்டது. சாலை வலப்பக்கம் வளைந்தபோது பலத்தது. இடப்பக்கம் வளைந்தபோது அடங்கிப்போனது.

"ஏங்க, கீழ ஏதோ உறுமுது," என்றேன்.

பதில் இல்லை.

"ஏங்க!"

"ஆ? மார்க்கெட்ல எதையும் விட்டுட்டு வந்துட்டியா?" என்று வேகத்தைக் குறைத்தார் என் கணவர் கணேசன்.

அவருக்கு உறுமலும் கேட்கவில்லை. நான் சொன்னதும் கேட்கவில்லை.

தண்ணீரில் நின்ற வண்டி

வெள்ளத்தைப் பற்றி நான் எழுதிய அத்தியாயத்தைப் படித்த சிலர், "அந்தப் பச்சை ஜீப் அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தார்கள். ஆற்றோரக் கம்பத்து வீடுகளிலிருந்து ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் பூனைகளையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்கும் வீட்டுக்குமாக அது ஓடியதை எழுதியிருந்தேன். எனக்கு நல்ல நினைவு இருக்கிறது: பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் தன் சேவலை மடியில் வைத்துக்கொண்டு, "பெலான், பெலான்" என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். மெதுவாகப் போகச் சொன்னார். பாதி சக்கரம் தண்ணீருக்குள் இருக்கும்போது வேகமாகப் போகவா முடியும்?

அன்று நனைந்தது சக்கரம் மட்டும் இல்லை. அதன் நடுவில் இருப்பதும் நனைந்தது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்த ஜீப் எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. ஒரு தோட்ட நிர்வாகம் பழைய வண்டிகளைக் கழித்துவிட்டபோது இவர் ஓட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு வாசலில் நின்ற அதைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை, "இதுக்குக் கண்ணாடி எங்க?" கண்ணாடி பிறகு வந்தது. ஏர்கோன் கடைசிவரை வரவில்லை. மழை பெய்தால் என் வலது முழங்காலில் மட்டும் சொட்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த வண்டிமேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அவருக்கு இருந்தது, அதனால் நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மில் காது

பண்டார் தெங்காரா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அவர் இன்ஜின் அறையைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் வரைக்கும் அந்த டர்பைன் சத்தம் வரும். விருந்தாளிகள் முதல் இரவு தூங்க மாட்டார்கள். எங்கள் மகள் பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கியவள். விடுமுறைக்கு என் அக்கா வீட்டுக்கு மெர்சிங் போனால், அமைதியில் தூக்கம் வராமல் அழுவாள்.

காதை மூடும் கவசம் கொடுத்திருந்தார்கள். அந்த வெக்கையில் எல்லோரும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.

ஓய்வு பெற்று பாலோவுக்கு வந்து சேர்ந்த பிறகு எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தம் வருடா வருடம் ஏறியது. நான் பேசினால், "ஏன் முணுமுணுக்கிற?" என்பார். மகள் போன் செய்தால் லேசாகச் சிரித்து, "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு என்னிடம் தந்துவிடுவார். அவள் என்ன கேட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. ஒருமுறை அவள் தனக்குக் காய்ச்சல் என்று சொன்னதற்கும் "சரிம்மா, சந்தோசம்" என்றார்.

முன்பெல்லாம் ஜீப்பின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்று, எந்த வால்வு இறுக்கம் என்று சொல்லிவிடுவார். கொஞ்ச நாளாக அந்தப் பானெட் திறக்கப்படவே இல்லை. நான் அதைக் கவனித்தேன், கேட்கவில்லை.

சந்தையிலிருந்து வந்த அன்று சாயங்காலம், அவர் முகத்துக்கு நேராக நின்று உறுமலைப் பற்றிச் சொன்னேன்.

"பழைய வண்டி சரசு. சத்தம் இருக்கும்லா," என்றார்.

சில நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஜோகூர் பாருவிலேருந்து ஒரு பையன் வர்றான். அஸ்லான். இந்த மாதிரி பழைய வண்டி வச்சிருக்கிற ஆளுங்க கூட்டத்துல இருக்கான். ஜீப்ப கேட்டுக்கிட்டே இருந்தான். ஞாயித்துக்கிழம வந்து எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன். "ஏங்க?"

"வயசாச்சுல்ல."

அது காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வாக்குவாதம் பண்ண அது நேரமில்லை என்றும் தெரியும். அதனால் வேறு வழியில் போனேன். "குடுங்க. ஆனா அந்த இடது சக்கரம் உறுமுது. அதப் பாக்காம குடுக்காதீங்க. வாங்க வர்றவனும் பொண்டாட்டி புள்ளைய ஏத்திக்கிட்டுதான் போவான்."

அவர் எழுந்துபோய் ஜேக்கைத் தேடி எடுத்து வைத்தார்.

உள்ளங்கைக்குக் கேட்டது

மறுநாள் காலை, போர்ச்சில் ஜீப்பின் இடது முன்பக்கத்தை ஜேக் போட்டுத் தூக்கினார். சக்கரத்தைச் சுழற்றினார். நின்று பார்த்தார். "ஒண்ணும் இல்லையே."

எனக்கு மிளகு அரைப்பதுபோல் கரகரவென்று கேட்டது.

நான் அவர் கையைப் பிடித்தேன். கல்யாணமான புதிதில் பிடித்தது, அதற்குப் பிறகு கோயில் படிக்கட்டில் மட்டும்தான் என்று நினைக்கிறேன். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் இரும்பின் மேல் அவர் உள்ளங்கையை வைத்துவிட்டு, மறு கையால் சக்கரத்தைச் சுழற்றினேன்.

அவர் முகம் மாறியது. கையை எடுக்கவே இல்லை. சக்கரம் தானாக நிற்கும்வரை வைத்திருந்தார். பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது.

"எப்போலேருந்து?"

"மழ விட்டதிலேருந்து லேசா. சந்தைக்குப் போன அன்னிக்குத்தான் பலமா."

"அவ்ளோ நாளாவா?" ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஒண்ணுமே கேக்கல சரசு."

வருடக் கணக்கில் நானும் மகளும் சொல்லிப் பார்த்து, சண்டை போட்டு, விட்டுவிட்ட விஷயம் அது. ஒரு வார்த்தை சொன்னாலும் தப்பாகிவிடும் என்று தோன்றியது. உள்ளே போய் கோப்பி கலந்து கொண்டுவந்து கொடுத்தேன்.

சக்கரத்தைக் கழற்றி, அதன் நடுவிலிருக்கும் ஹப்பை உருவி எடுத்தார். அதற்குள்தான் முன்னும் பின்னுமாக இரண்டு பேரிங்குகள் உட்கார்ந்திருக்கும். வண்டியின் பாரம் முழுவதும் அந்தச் சின்ன உருளைகள்மேல்தான். பழுப்பாக, கெட்டியாக இருக்கவேண்டிய கிரீஸ், பால் கலந்த தே தாரிக் டீ நிறத்தில் நுரைத்துப்போயிருந்தது. வெள்ளத் தண்ணீர் பழைய சீல் வழியாக உள்ளே போயிருக்கிறது. துடைத்துப் பார்த்தால் பேரிங் உருளும் வளையத்தில் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் பள்ளமாக இருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா பேரிங் புடிச்சிருக்கும், சக்கரமே கழண்டு போயிருக்கும்," என்றார். சந்தைக்குப் போகும் சாலையில் எதிரே வரும் செம்பனைக் குலை லாரிகளை நினைத்துப் பார்த்தேன்.

பூனைக் காது

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

அவருடைய ஆலை வேலை முடிந்து பாலோவுக்கு வந்த பிறகு, நான் குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். விசிறிகளுக்கான சின்ன மோட்டார் செய்தார்கள். என் வேலை ஒரு கண்ணாடி அறைக்குள். கதவைச் சாத்தினால் என் மூச்சுதான் கேட்கும். ஒவ்வொரு மோட்டாரையும் எடுத்து, விரலால் சுழற்றி, காதருகே வைத்துக் கேட்டு, நல்லதென்றால் நீலத் தட்டு, சரியில்லை என்றால் சிவப்புத் தட்டு. பேரிங் இறுக்கமாக இருந்தால் சுழற்சி சட்டென்று நிற்கும். தளர்வாக இருந்தால் மெல்லிய தடதடப்பு விரல் நுனிக்கு வரும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அதை விளக்க முடியாது. விட்டால் கடைசிவரை வழுக்கிக்கொண்டே போய், எப்போது நின்றது என்று தெரியாமல் நிற்கும்.

என் மேற்பார்வையாளர் ரோஸ்னா என்னை "தெலிங்கா கூச்சிங்" என்பாள். பூனைக் காது. மத்தியான இடைவேளையில் என் காதைப் பிடித்து இழுத்துவிட்டுப் போவாள்.

எங்கள் வீட்டில் ஒருவர் காது சத்தத்திலேயே போயிற்று, இன்னொருவர் காது அமைதியில் உட்கார்ந்து கூர்மையாயிற்று. இரண்டும் ஒரே கூரையின் கீழ் தொலைக்காட்சி பார்த்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

மீனுக்குப் பக்கத்தில்

புது பேரிங்கும் சீலும் வாங்கி வந்தவர், நேராகச் சமையலறைக்குள் நுழைந்து குளிர்பெட்டியின் மேல் கதவைத் திறந்தார்.

"என்னங்க செய்றீங்க?"

"வளையத்த உள்ள வைக்கிறேன். குளிர்ல கொஞ்சம் சுருங்கும். அப்பதான் ஹப்ல லேசா எறங்கும்."

"அங்க மீன் இருக்கு!"

"மீனு அத சாப்பிடாது."

பிளாஸ்டிக் பையில் சுற்றி, கெம்போங் மீனுக்கும் தேங்காய்ப்பால் பொட்டலத்துக்கும் நடுவில் இரண்டு இரும்பு வளையங்கள் ஒரு பகல் கிடந்தன. ஹப்பை வெயிலில் காயவைத்தார். அவர் குரலில் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது. எனக்கு அது பிடித்தது, காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வளையத்தை ஹப்பில் வைத்து, பித்தளைக் கம்பியை அதன் விளிம்பில் ஊன்றி, சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். டொக், டொக், டொக் என்று மந்தமான சத்தம். திடீரென்று ஒரு தட்டில் அது கணீர் என்றது.

அவர் அடுத்த தட்டுக்குக் கையை ஓங்கினார்.

"போதும்ங்க. உக்காந்துருச்சு."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் மாறிருச்சே."

குனிந்து, விரல் நகத்தால் வளையத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தார். கடைசிவரை இறங்கி, இடைவெளியில்லாமல் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது வளையத்தைத் தட்டும்போது ஒவ்வொரு தட்டுக்கும் என் முகத்தைப் பார்த்தார். கணீர் என்றதும் நான் தலையாட்டினேன். அவர் நிறுத்தினார்.

பேரிங்குக்கு கிரீஸ் அடைப்பதும் என் கைக்கு வந்தது. ஒரு உள்ளங்கையில் கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டும். அடியில் நுழைந்த கிரீஸ் உருளைகளுக்கு நடுவே ஏறி, மறுபக்கம் புழுப்புழுவாக வெளியே வரும். இடியப்ப உரல் நினைவு வந்து சிரித்தேன். "என்னா?" என்றார். சத்தமாகச் சொன்னேன். அவரும் சிரித்தார்.

சுட்ட கை

எல்லாவற்றையும் பூட்டி, பக்கத்துத் தோட்டம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். உறுமல் இல்லை. இறங்கியதும் அவர் சக்கரத்தின் நடுவில் கையை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

ஹப் கொதித்தது. வலது சக்கரத்தைத் தொட்டால் வெறும் வெதுவெதுப்பு.

"நட்டு டைட்டாயிருச்சு," என்றார். படியில் உட்கார்ந்தார். "விடு சரசு. அஸ்லானே கொண்டுபோய் செஞ்சுக்கட்டும். அவன்கிட்ட உண்மையச் சொல்லிடுவோம். முன்னல்லாம் நட்ட முறுக்கும்போதே பேரிங்கு சொல்லும். போதும்னு சொல்லும். இப்ப எனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

வண்டி சூடாறும் சத்தம் டிக் டிக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.

"எனக்குச் சொல்லுதுங்க," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்க கைதான் முறுக்கணும். எனக்கு அந்த ஸ்பேனரத் தூக்கவே முடியாது. நீங்க முறுக்குங்க, நான் சுத்துறேன்."

மறுநாள் காலையிலேயே தொடங்கினோம். ஹப்பைப் பிடித்திருப்பது இரண்டு நட்டுகள். உள்ளே இருப்பது இறுக்கத்தை முடிவு செய்யும். வெளியே இருப்பது அதை நகராமல் பூட்டும். அவர் உள் நட்டை முறுக்க, நான் ஹப்பைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். இறுகியது. கனத்தது. "கொஞ்சம் விடுங்க." விட்டார். "இன்னும் கொஞ்சம்." நான் ஒரு விரலால் தள்ளிவிட்டேன். ஹப் சுற்றியது, சுற்றியது, எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றது.

"இதுதான்."

வெளி நட்டைப் போட்டு இறுக்கினார். நான் மறுபடி சுழற்றினேன். சட்டென்று நின்றது!

"மறுபடியும் டைட்டாயிருச்சுங்க."

"அலமாக்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். கிரீஸ் அப்படியே நெற்றியில் ஒட்டிக்கொண்டது. "வெளி நட்டு உள் நட்ட அமுக்குது. அன்னிக்கும் இதான் நடந்திருக்கு. பூட்டினப்புறம் நான் பாக்கவே இல்ல."

வெளி நட்டைக் கழற்றி, உள் நட்டை இன்னும் மயிரிழை தளர்த்தி, மறுபடி பூட்டினார். சுழற்றினேன். இந்த முறை ஒரு துளி தளர்வு, விரல் நுனியில் தடதடப்பு. மறுபடி கழற்றல். அவர் பொறுமை இழக்கவில்லை. "சொல்லு", "இப்ப?", "இப்ப சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் அவர் என்னை எதற்காகவும் கேட்டுக்கொண்டிருந்ததாக எனக்கு நினைவில்லை.

கடைசியில் பூட்டிய பிறகும் ஹப் வழுக்கிக்கொண்டு ஓடி நின்றது. "போதும்ங்க. நீலத் தட்டு," என்றேன். அவருக்குப் புரிந்தது. பூட்டுத் தகட்டை நட்டின்மேல் மடக்கி அடித்தார்.

மறுபடி தோட்டம் வரை போய் வந்தோம். இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து ஹப்பைத் தொட்டோம். வெதுவெதுப்பு.

அஸ்லான்

ஞாயிற்றுக்கிழமை அஸ்லான் வந்தான். மரியாதையான பையன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போர்ச்சுக்கே வந்தான். அவன் ஓட்ட, இவர் பக்கத்தில், நான் பின்னால். "செஞ்ஞாப் பெத்துல், அங்கிள்," என்றான். நல்ல அமைதியாக ஓடுகிறதாம்.

இவர் "ஆமா, ஆமா, எண்ணெய் கொஞ்சம் கூடுதலா குடிக்கும்" என்றார்.

அவன் கியர் பற்றிக் கேட்டான். இவர் டயரைப் பற்றிச் சொன்னார். நான் பின்னாலிருந்து குனிந்து, கேள்வியை இவர் காதில் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அப்படியே வீடு வந்து சேர்ந்தோம். இன்ஜினை அணைத்துவிட்டு அஸ்லான் கேட்டான்: "அப்போ, அங்கிள்? முடிச்சுக்கலாமா?"

இந்தக் கேள்வி அவருக்கு நன்றாகவே கேட்டது. அவர் கை டேஷ்போர்டின் மேல் இருந்தது. அவனுக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு சரசு. இப்ப இந்த வண்டிக்குக் காது நீதானே."

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. முழங்காலில் சொட்டும் மழையை வெறுத்தவள் நான். ஆனால் வாயிலிருந்து வந்தது: "தாக் ஜுவால் லா, அஸ்லான். விக்கல. மன்னிச்சுக்க ஐயா. இவ்ளோ தூரம் வரவச்சிட்டோம்."

என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை, காதுமடல் சிவந்ததைத்தான் பார்த்தேன்.

அஸ்லான் கோபப்படவில்லை. நாங்கள் சக்கரத்தோடு பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டான். போகும்போது, அவனிடம் இருக்கும் இன்னொரு பழைய ஜீப்பைக் கொண்டுவருவதாகவும், ஆன்டி அதன் சக்கரத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். பிறகு உண்மையாகவே கொண்டுவந்தான்.

அவன் கார் முனை திரும்பியதும் இவர் கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். "குளுவாங் ஆஸ்பத்திரியில காது பாக்குறாங்கல்ல? என்னிக்குப் போலாம்?"

இந்த முறை நான் கேட்காமலே வந்த கேள்வி அது.

மெர்சிங் சாலையில்

காதுக் கருவி வந்த முதல் வாரம் எங்களுக்குப் பெரும்பாடு. கடுகு வெடித்தால் திடுக்கிட்டார். என் செருப்புச் சத்தம் அவரைத் தொந்தரவு செய்தது. "இந்த விசிறி எப்பவும் இப்படித்தான் கத்துதா?" என்றார். மகள் போன் செய்தபோது அறைக்குள் எடுத்துக்கொண்டு போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் என் அக்காவுக்கும் மாமாவுக்கும் அறுபதாம் கல்யாணம். மெர்சிங்குக்கு ஜீப்பிலேயே கிளம்பினோம். வாழைக்கன்றும் தேங்காய்களும் பின்னால். காஹாங் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. காற்று நன்றாக வந்தது. சக்கரங்கள் நான்கும் ஒரே சீராக ஓடின.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, வழக்கம்போல வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்: "அக்கா வீட்டு விசேசத்துக்கு இந்த மனுசனுக்கு வேற சட்டையே கெடைக்கல. கிரீஸ் துடைக்கிற துணி மாதிரி ஒரு கலரு."

"இந்தச் சட்டைக்கு என்னா கொறச்சல்?" என்றார் ஓட்டுநர் இருக்கையிலிருந்து.

நான் அப்படியே உறைந்துபோனேன். எத்தனை வருடம் இந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்காது என்ற தைரியத்தில், என்னென்ன சொல்லியிருக்கிறேன்!

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினார். ஆனால் மீசைக்குக் கீழே சிரிப்பு ஆடியது. நான் சிரிக்கத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெமாலுவாங் வரும்வரை இரண்டு பேரும் மாறி மாறிச் சிரித்தோம்.

மெர்சிங் போனதும் முதல் வேலையாகக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவருக்கு ஒரு நீலச் சட்டை எடுத்தேன். நான் பையோடு வெளியே வந்தபோது, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவர் இடது சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துக் குனிந்திருந்தார்.

"எப்படிங்க இருக்கு?" என்றேன், மெதுவாகத்தான்.

"வெதுவெதுன்னு இருக்கு," என்றார்.